பட்டாளத்துக்குப் போன தங்கச்சி

என் அண்ணனின் கால் போன செய்தி வந்தபோது நான் பிரசவ வார்டில் இருந்தேன். நர்ஸிங் படிப்பின் கடைசி வருடம். ஹைதராபாத்தில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. அந்த வார்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது என்பதால் ஆயா உள்ளே வந்து, வெளியே உங்கள் அப்பா நிற்கிறார் என்று தெலுங்கில் சொன்னாள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலை நேரத்தில் ஒருநாளும் என்னைப் பார்க்க வந்தவரில்லை. நீல உடுப்பைக்கூட மாற்றாமல், கையில் கிரீஸ் கறையோடு வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணனுக்கு அடிபட்டிருக்கு" என்றார்.

"எங்க நைனா?" அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"காலு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம்."

"சண்டைதான் முடிஞ்சிடுச்சே?"

உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ போ, உன் வேலையப் பாரு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று படியிறங்கிப் போனார்.

சண்டை முடிந்துதான் இருந்தது. வங்காள தேசம் பிறந்த அந்தச் சண்டை. எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, அண்ணன் லீவில் வருவான் என்று அம்மா காத்திருந்தாள். அவன் ராணுவத்தில், மண்ணுக்குள் புதைந்திருக்கும் கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் பிரிவில் சிப்பாய். துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு மேற்கு எல்லையில் கோதுமை வயல்களைச் சுத்தம் செய்ய அனுப்பியிருந்தார்கள். உழவன் மறுபடி உழவேண்டிய நிலம். அங்கே ஒரு வெடி அவன் கண்ணில் படவில்லை.

எனக்கும் ராணுவத்துக்கும் அதற்கு முன்பே ஒரு பேச்சு இருந்தது. இரண்டாம் வருடம் படிக்கும்போது, ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அதிகாரி எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து பேசினார். படிப்பை முடித்தவர்கள் ராணுவ நர்ஸாகச் சேரலாம், லெப்டினன்ட் பதவி கிடைக்கும், தோளில் நட்சத்திரம் இருக்கும் என்றார். நாங்கள் வேலை பழகிய வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே ஒருவர். கழுவிக் காயவைத்த கையுறையையே மறுபடி போட்டுக்கொள்வோம். ரத்தம் கிடைக்காமல் என் கண்ணெதிரே ஒரு பெண் வெளுத்து வெளுத்துச் செத்தாள். ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நட்சத்திரத்தின் மேலும் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். "பொண்ணு நர்ஸா?" என்று ஜனங்கள் கேட்கும் தொனி எனக்குத் தெரியும். நட்சத்திரத்தைப் பார்த்து அந்தத் தொனியில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் ராணுவ நர்ஸ் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். இது அம்மாவுக்குத் தெரிந்தபோது, "அப்போ அந்தப் பேச்சே வேணாம்" என்று முடித்துவிட்டாள். அண்ணன்தான் லீவில் வந்தபோது எனக்காகப் பேசினான். "ஹவ், வரட்டுமே! என்னை விடப் பெரிய ஆபீசராயிடுவா. நான் இவளுக்கு சல்யூட் அடிக்கணும்" என்று சிரித்தான். அவன் பேச்சே அப்படித்தான். எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கம். ஆனால் ஹைதராபாத் மெட்டுகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பாஷை, தெருவில் இரண்டு பாஷை. அவன் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ.

வடக்கே இரண்டு ஆஸ்பத்திரிகளில் வைத்திருந்துவிட்டு, அவனை எங்கள் ஊரிலேயே திருமுல்கேரியில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் பஸ்ஸில் போவோம். முதல் தடவை போனபோது அம்மா கறிக்குழம்பு செய்து தூக்கில் கொண்டுவந்தாள். வெளிச்சாப்பாடு கூடாது என்று கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

நீளமான வார்டு. ஒரு கட்டிலுக்கு ஒருவர்தான். விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் அங்கே இருந்தது. ஆனால் அந்த வரிசையில் முழுசாக இருந்தவர்கள் குறைவு. அண்ணனுக்கு அடுத்த கட்டிலில் இரண்டு கண்ணும் போன ஒரு பஞ்சாபிச் சிப்பாய், எந்நேரமும் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பான். அண்ணன் எங்களைப் பார்த்ததும் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பாதியில் தட்டையாகவும் இருந்தது. அம்மா அந்தத் தட்டையான இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, பரீட்சை எப்போ?" என்று என்னிடம் கேட்டான். என்னை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னும் ரெண்டு மாசம். புண்ணு எப்படி இருக்குண்ணா? நான் பார்க்கட்டுமா?"

"நக்கோ. இங்க சிஸ்டர் இருக்காங்க. நீ ஒண்ணும் பார்க்க வேணாம்."

புண்ணில் சீழ் இருக்கிறது என்பது வாடையிலேயே தெரிந்தது.

இப்படியே சில ஞாயிறுகள் போயின. ஒரு ஞாயிறு பிற்பகல் அம்மா அவனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் திடீரென்று, "என்னமோ சூடா இருக்கு" என்றான். போர்வையின் மேல் ரத்தம் ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. சீழ் பிடித்த புண்ணில் ரத்தக்குழாய் அரித்து உடைந்தால் அப்படி வரும். பாடத்தில் படித்திருந்தேன், பார்த்ததில்லை. "சிஸ்டர்!" என்று கத்தினேன். மேசையில் அந்த நேரம் யாருமில்லை. வார்டின் கடைசியில் இருந்த ஆர்டர்லி ஓட ஆரம்பித்தான்.

போர்வையை உருவி எறிந்தேன். கட்டின் மேல் அழுத்திப் பயனில்லை. தொடை இடுக்கில், ரத்தக்குழாய் எலும்பின் மேல் ஓடுகிற இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, என் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். உடுப்பைத் தள்ளிவிட்டுத்தான் அழுத்த முடிந்தது. அம்மா பக்கத்தில் நிற்கிறாள். வார்டே பார்க்கிறது. அண்ணன் என் கையைப் பிடித்துத் தள்ளினான்.

"கை எடு! எடுடி கைய! நக்கோ பாப்பா, நக்கோ, வேற யாரையாவது கூப்பிடு!"

நான் எடுக்கவில்லை. அவன் என் தோளில் குத்தினான். பிறகு பலம் போய்விட்டது, கையால் கண்ணை மூடிக்கொண்டு அழுதான். சிஸ்டர் ஓடி வந்தார். மலையாளி, கேப்டன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "விடாதே. அப்படியே பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைச் செய்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை என் விரலை எடுக்காமல், ஸ்ட்ரெச்சரோடு பக்கவாட்டில் ஓடினேன்.

அன்று முட்டியும் போய்விட்டது. தொடையின் பாதிவரை வெட்டினார்கள். உயிர் இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் கேப்டன் எனக்கு சோப்பை எடுத்துக் கொடுத்தார். "எந்த நர்ஸிங் ஸ்கூல்?" என்று கேட்டார். சொன்னேன். "படிச்சு முடிச்சா இங்கே வர்றியா?"

"யோசிச்சிக்கிட்டிருக்கேன் மேடம்."

"யோசி. நல்லா யோசி" என்றார். "இங்கே வர்ற பசங்க எல்லாம் உன் அண்ணன் வயசுதான். பாதிப் பேரைத் தேத்தி மறுபடி அங்கேயே அனுப்பணும். நான் அனுப்பினவங்க ரெண்டு பேர் பெட்டியில திரும்பி வந்திருக்காங்க." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு பார்த்தேன், அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அண்ணன் பிழைத்தான், ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் கட்டிலருகே போனால் கண்ணை மூடிக்கொள்வான். அம்மாவிடம், "அவள வார்டுக்கு வெளியவே நிக்கச் சொல்லு" என்றான். நான் வெளியே வேப்பமரத்தடியில் அம்மா வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பரீட்சை எழுதித் தேறினேன். அண்ணனுக்குப் பூனாவில் செயற்கைக் கால் மாட்டி, பட்டாளத்திலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் சரியாகப் பொருந்தவில்லை. தோலும் நைலான் வாருமாக இருந்த அதைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கட்டையை அக்குளில் கொடுத்துத்தான் நடப்பான். புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. தினமும் கழுவிக் கட்ட வேண்டும். அதை அவனே செய்துகொண்டான். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு அவன் விடும் மூச்சு வெளியே கேட்கும். மருந்தையும் வேகவைத்த துணியையும் கதவுக்கு வெளியே வைப்பேன். நான் நகர்ந்த பிறகுதான் கதவு திறக்கும்.

அந்தச் சமயத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, ராணுவ நர்ஸ் இன்டர்வியூவுக்கு அழைப்பு. பரீட்சை முடிந்த கையோடு மனு போட்டிருந்தேன். இன்னொன்று, ஒரு வரன். மாப்பிள்ளை எங்கள் ஊரிலேயே ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், தமிழ்க் குடும்பம். பெண் நர்ஸ் என்பதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்றார்கள்.

அம்மா அரிசி களைந்துகொண்டே பேச்சை ஆரம்பித்தாள். "நல்ல இடம். இங்கேயே இருக்கப் போறே. அப்பப்போ வந்து அண்ணன் காலப் பார்த்துக்கலாம்."

"அவன் எங்கம்மா எங்கிட்ட காலக் காட்டுறான்?"

"காட்டுவான். கோவம் எத்தினி நாளைக்கு? கூடப் பொறந்தவதானே நீ."

"நான் இன்டர்வியூவுக்குப் போகணும்மா."

அவள் பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள். "ஒருத்தன அனுப்பி வச்சேன், பாதியாத் திரும்பி வந்திருக்கான். இன்னொண்ணும் வேணுமாம் அவங்களுக்கு. நான் பெத்ததெல்லாம் பட்டாளத்துக்குத்தானா?"

"நான் சண்டைக்கா போறேன்?"

"சண்டை முடிஞ்சுதானேடி அவனுக்குக் கால் போச்சு!"

அப்பாவைப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். வீட்டில் வாய் திறந்து ஒரு முடிவு சொன்னவரில்லை அவர்.

ராணுவ வார்டு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் கேட்ட பேச்சில் அந்தக் கண்ணில்லாத பஞ்சாபி இல்லை, கேப்டனின் அந்த இரண்டு பெட்டிகள் இல்லை. நட்சத்திர ஆசை எப்போதோ வடிந்துவிட்டது. அப்படியும் மனசு அங்கேதான் போயிற்று. அந்தப் பிற்பகலில் என் விரலுக்கடியில் ரத்தம் நின்றதை நான் உணர்ந்திருந்தேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சூப்பர்வைசர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அதேசமயம், வீட்டுக்குள்ளேயே ஒரு புண் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஊரான் புண்ணுக்குக் கட்டுப்போடப் போவது என்ன நியாயம்? அந்த வாரம் முழுவதும் திரும்பத் திரும்ப இந்த இரண்டுக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணனிடமே கேட்டேன். சாயங்காலங்களில் அவன் குவார்ட்டர்ஸ் கோடியில், ரயில் பாதையைப் பார்த்த மதிலின் மேல் உட்கார்ந்திருப்பான். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவன் எழுந்து போகவில்லை.

"அம்மா சொன்னதக் கேட்டிருப்பே. நீ இருன்னு சொன்னா நான் இருந்துடுறேன்ணா. கல்யாணமும் வேணாம், பட்டாளமும் வேணாம். இங்கேயே ஏதாவது ஆஸ்பத்திரியில சேர்ந்துக்கிறேன்."

"கைக்கு?" ஏன் என்பதை அவன் அப்படித்தான் கேட்பான்.

"உன் புண்ணப் பார்த்துக்கத்தான்."

வெகுநேரம் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போன பிறகு சொன்னான். "அன்னிக்கு நீ இல்லேன்னா செத்திருப்பேன். தெரியும். ஆனா உன்னப் பார்க்கிற போதெல்லாம் அந்தக் கட்டில்தான் ஞாபகம் வருது பாப்பா. அம்மா முன்னாடி, அவ்ளோ பேர் முன்னாடி. நான் உன்னத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனவன். என் உடம்ப நீ பார்க்கக்கூடாது. அவ்வளவுதான். நீ இங்க இருந்தா தினமும் எனக்கு அதே கட்டில்தான்."

"அப்போ போகச் சொல்றியா?"

"போ. உனக்கு அண்ணன் ஆகாதவங்க யாருக்காவது கட்டுப் போடு. அவங்களுக்கு உன் கையி வெறும் சிஸ்டர் கையி."

போ என்றது பெருந்தன்மையால் இல்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் சொன்னான். அது எனக்குப் புரிந்தது. இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிளம்பினேன். இன்டர்வியூவில் ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டார்கள். தேசசேவை என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வேலை கடினம். ஆனால் நான் நல்ல நர்ஸ் என்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது. அண்ணன் சொன்னது சரியாக இருந்தது. என் கை யாருக்கும் கூச்சமாக இல்லை. என் வயதுப் பையன்கள் மறைக்காமல் காட்டினார்கள், வலித்தால் கத்தினார்கள். வீட்டிலிருந்து அம்மா மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுக் கடிதம் எழுதுவாள். அண்ணன் நன்றாக இருக்கிறான், ஒரு அரசுத் தொழிற்சாலை கேட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான் என்று வரும்.

அடுத்த வருடக் கோடையில் லீவில் வந்தேன். காலை நேரம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாடை அடித்தது. அழுகிய பழம்போல இனிப்பு கலந்த வாடை. வார்டில் அந்த வாடை வந்தால் சிஸ்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். வீட்டில் இருந்தவர்களுக்கு அது மெதுவாக வந்ததால் பழகிப்போயிருந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "இளைச்சுட்டியே" என்றாள். நான் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

அண்ணன் கட்டிலில் படுத்திருந்தான். கண் பள்ளத்தில் கிடந்தது. உடம்பு கொதித்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், வெயிலில் போய் வந்ததால் இருக்கும் என்று அம்மா கஷாயம் கொடுத்திருக்கிறாள். நான் போர்வையில் கை வைத்தேன். அவன் தடுக்கவில்லை. கட்டுத் துணியை அவிழ்த்தேன்.

உள்ளே எலும்பு அழுகியிருந்தது. பல மாதமாக இருந்திருக்க வேண்டும். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பொருந்தாத அந்தக் காலையும் மாட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறியிருக்கிறான். யாரிடமும் காட்டவில்லை. தொழிற்சாலை டாக்டரிடம்கூட.

"ஏண்ணா, ஏன் சொல்லல?"

"ஆறிடும்னு நினைச்சேன்" என்றான்.

ஆட்டோவில் திருமுல்கேரிக்குக் கொண்டுபோனோம். என் பதவியைச் சொன்னதும் உடனே உள்ளே எடுத்தார்கள். அதே வார்டு இல்லை, கேப்டனும் மாற்றலாகிப் போயிருந்தார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி வெட்டவும் இடமில்லை என்றார் டாக்டர். நான் லீவில் இருந்தாலும், அவர்களிடம் கேட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு அவன் பக்கத்திலேயே இருந்தேன். ஜுர வேகத்தில் அவன் என்னை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தான். "சிஸ்டர், தண்ணி." "சிஸ்டர், புரட்டிப் படுக்க வைங்க." நான் புரட்டினேன், துடைத்தேன், கட்டு மாற்றினேன். ஒருமுறைகூட அவனை அண்ணா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் யாரென்று தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. வியாழக்கிழமை மதியம் போய்விட்டான்.

காரியம் முடிந்த அன்று அம்மா சுவரில் சாய்ந்தபடி சொன்னாள். "நீ இங்க இருந்திருந்தா என் புள்ள இருந்திருப்பான்."

பிறகு அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக, அம்மாவை எதிர்த்துப் பேசினார். "இருந்திருந்தாலும் காட்டியிருக்க மாட்டான். நீயும் நானும் இதே வீட்லதானே இருந்தோம். நமக்குக் காட்டினானா?"

அம்மா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "வேலைய எழுதிக் கொடுத்துட்டு வந்துடு" என்றாள் என்னிடம்.

ஆக இரண்டாவது தடவையும் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. லீவு முடிந்ததும் திரும்பிப் போனேன். ஸ்டேஷனுக்கு அப்பா மட்டும் வந்தார். வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் வருடத்துக்கு ஒருமுறை வந்து போனேன். அம்மா சமைத்துப் போடுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள், ஊர்க்கதை பேசுவாள். என் வார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எங்களைத் தெரியாத ஒரு புதுக் காலனியில் வாடகைக்குப் போனார்கள். நான் அங்கே முதல்முறை போயிருந்தபோது எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண்மணி உறைமோர் கேட்டு வந்தார். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணா மாமி?" என்றார்.

"ஆமாம். வடக்க ஸ்கூல்ல டீச்சர்" என்றாள் அம்மா.

"பையன் யாரும் இல்லீங்களா?"

"இல்ல. ஒரே பொண்ணு."

உறைமோரைக் கிண்ணத்தில் ஊற்றும்போது அம்மாவின் கை கொஞ்சமும் ஆடவில்லை. அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பி, எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"சின்னப் பசங்களுக்குத்தான்" என்றேன்.